கிளிப் போட்டாச்சு

ஐஸ்கிரீம் வேன் எங்கள் பட்டறைக்குத் திரும்பி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு. இழுவை வண்டியின் பின்னால் மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்தது. ரேடியேட்டர் புதிது. முன்பக்கத் தகடும் புதிது. அதற்கு இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை. பக்கவாட்டில் வரைந்திருந்த குழந்தை மட்டும் பழையபடியே நாக்கை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது.

இருபத்தெட்டு நாட்களுக்கு முன்னால் இதே வேனின் கியர்பாக்ஸை நாங்கள்தான் பிரித்து வேலை பார்த்து அனுப்பியிருந்தோம். பன்னிரண்டு நாள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பதின்மூன்றாம் நாள் மத்தியானம் குளிர்கிடங்கின் வாசலில், அதை ஓட்டி வந்தவரின் மனைவியையே சுவரோடு வைத்து அழுத்திவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் உயிர் போய்விட்டது.

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வண்டியில்தான் வேலைக்குப் போவார்கள். அவர் ஓட்டுவார், அவள் இறங்கிக் கிடங்கின் ஷட்டரைத் தூக்குவாள், பெட்டிகளை எண்ணி ஏற்றுவாள். பெட்டிக்குள் குளிர் குறைந்துவிடக் கூடாது என்பதால் இந்த வேனின் எஞ்சினை எங்கேயும் அணைக்க மாட்டார்கள். ஆகவே டிரைவர் நிறுத்துகிற இடமெல்லாம் லீவரை நியூட்ரலில் தள்ளி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்குவது வழக்கம். அன்றைக்கும் அப்படித்தான் இறங்கினேன் என்று அவர் சொன்னார். சோதித்த வாகன அதிகாரி லீவர் டிரைவில், அதாவது வண்டி முன்னால் ஓடும் படியில், இருந்ததாக எழுதினார். ரேடியேட்டர் உடைந்திருந்ததால் எஞ்சினை ஓட்டிப் பார்க்க முடியவில்லை. லீவர் ஒவ்வொரு படியிலும் டக் டக்கென்று சரியாக விழுந்தது, பிரேக்கும் பிடித்தது. ஓட்டுநரின் கவனக்குறைவு என்று முடித்துவிட்டார். இடித்த பிறகு பதற்றத்தில் ஏறி லீவரை முன்னும் பின்னும் இழுத்தேன் என்று டிரைவர் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதெல்லாம் ஊர் கேள்விப்பட்டதைப் போலவே எங்களுக்கும் காதில் விழுந்தது. த்சொ என்றோம். வேலையைப் பார்த்தோம். நாங்கள் கட்டிக் கொடுத்த கியர்பாக்ஸ் என்பது ஒரு நிமிஷம்கூட என் மனத்தில் தட்டவில்லை. அதை நான் இங்கே மறைக்கப் போவதில்லை.

வேனின் முதலாளி கூடவே வந்திருந்தார். "ரேடியேட்டர் மாத்தி ஸ்டார்ட் பண்ணினா கண்டபடி இழுக்குதுப்பா. இடிச்சதுல உள்ள என்னமோ கழண்டிருக்கு. சனிக்கிழமைக்குள்ள வேணும். வெயில் காலம், ஒரு நாள் போனா எனக்கு உயிரு போகுது" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

பட்டறையில் நாங்கள் மூன்று பேர். நான், என் அக்கா, அக்கா வீட்டுக்காரர். முன்னறையில் போனும் உதிரிப்பாகங்களும் பில் புத்தகமும் அக்கா வசம். பின்னால் வண்டி தூக்கும் லிஃப்டும் வேலை மேசையும் எனக்கும் மச்சானுக்கும். மச்சான் கை வேகம். வாய் அதைவிட வேகம். எனக்கு எதையும் வரிசையாகச் செய்தால்தான் ஓடும். அதனால் கோபம் வந்தால் அவர் என்னை "வாத்தியாரே" என்பார்; மற்ற நேரமெல்லாம் "மாப்ள".

வேனை லிஃப்டில் ஏற்றி, ஆயிலை வடித்து, அடியில் இருக்கும் ஆயில் சட்டியை நான்தான் இறக்கினேன். மிச்ச ஆயிலில் ஒரு கம்பி கிடந்தது. ஆள்காட்டி விரல் நீளம், இரு முனையும் வளைந்தது.

அது என்ன கம்பி என்று சொன்னால்தான் மற்றது புரியும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் வயிற்றில் வால்வ் பாடி என்று ஒன்று உண்டு. பெரிய புத்தகம் அளவுக்கு அலுமினிய வார்ப்பு. உள்ளே கறையான் அரித்த மரம் மாதிரி வளைந்து வளைந்து ஆயில் ஓடும் தடங்கள். எந்தத் தடத்தில் ஆயில் போக வேண்டும் என்று அதில் இருக்கும் வால்வுகள் தீர்மானிக்கும். அவற்றில் ஒன்றுதான் டிரைவரின் லீவருக்குக் கட்டுப்பட்டது. லீவரையும் அந்த வால்வையும் சேர்ப்பது இந்தக் கம்பி. கம்பி நழுவாமல் பிடித்துக்கொள்வது, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கிளிப். கிளிப் இல்லாவிட்டாலும் கம்பி சில நாள் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கும். பிறகு ஆட்டத்தில் நழுவி விழும். விழுந்த பிறகும் லீவர் டக் டக்கென்று எல்லாப் படியிலும் விழும். ஆனால் உள்ளே வால்வு கடைசியாக இருந்த இடத்திலேயே நிற்கும். மேலே நியூட்ரல், உள்ளே டிரைவ். ஹேண்ட்பிரேக் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். குளிர் மெஷின் கிளம்பி எஞ்சின் வேகம் ஏறினால் அதையும் மீறி வண்டி பாயும்.

மச்சானைக் கூப்பிட்டேன். கம்பியைப் பார்த்ததும் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

"இடிச்ச வேகத்துல கிளிப் தெறிச்சிருக்கும் மாப்ள."

"தெறிச்சா எங்க போகும்? சட்டிக்குள்ளதானே கிடக்கணும்."

"காந்தத்துல பாத்தியா?" சட்டியின் மூலையில் இரும்புத் தூளைப் பிடிக்க ஒரு காந்தம் வைத்திருப்பார்கள்.

"பாத்தேன். தூள்தான் இருக்கு."

"ஃபில்டர்ல?"

"அங்கயும் இல்ல."

கிளிப் தெறிக்கவில்லை, போடப்படவே இல்லை. பழைய கிளிப் அன்றைக்கு மேசையில் இருந்து, குப்பையோடு குப்பையாகப் போயிருக்க வேண்டும்.

எங்கள் பட்டறையில் ஒரு சட்டம். கட்டினவன் மூடக் கூடாது. ஒருவர் வால்வ் பாடியைக் கட்டி மாட்டினால், மற்றவர்தான் ஆயில் சட்டியைத் தூக்கி மூட வேண்டும். மூடுவதற்கு முன்னால் மூடுகிறவர் ஒவ்வொன்றாகக் கேட்பார். கட்டினவன் அந்தந்த இடத்தை விரலால் தொட்டுக்கொண்டே பதில் சொல்ல வேண்டும். மூடுகிறவர் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஒன்பது வருஷமாக இந்தக் கேள்வியும் பதிலும் ஒரு எழுத்து மாறியதில்லை.

"போல்ட்டு?"

"முறுக்கியாச்சு."

"ஃபில்டர்?"

"உக்காந்தாச்சு."

"கிளிப்?"

"போட்டாச்சு."

இந்த வேனை முதல் தடவை மூடிய அன்றைக்கு ஒரு போன் வந்து, பாதியில் எழுந்து போய், அதனால் மறந்தது என்றால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பிறகு பல தடவை நினைத்தேன். அப்படி ஒன்றுமே நடக்கவில்லை. மச்சான் ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"உங்க அக்காவுக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுத்தேன் மாப்ள. நாலு நாள் பிரேக்கை மட்டும்தான் மிதிச்சா. அஞ்சாவது நாள்தான் சொன்னேன், இப்ப வண்டியை ஸ்டார்ட் பண்ணுன்னு."

"ஆமா, கத்துக் குடுத்தவரு பிரேக் இல்லாம வளந்தவரு. எனக்காவது அது தெரிஞ்சிருக்கட்டும்னு மிதிச்சேன்!" என்று முன்னறையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்.

நான் சிரித்தேன். மச்சானும் சிரித்துக்கொண்டே "கிளிப்?" என்றார். "போட்டாச்சு" என்றேன். என் விரல் அப்போது எங்கே இருந்தது? கண்ணில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டிருந்தது. அவருடைய டார்ச் எங்கே இருந்தது? அவர் பாக்கெட்டில்.

கம்பியை மேசையில் வைத்துவிட்டுப் பின்பக்கக் குழாயடிக்குப் போனேன். முகம் கழுவிவிட்டு அங்கேயே சிமெண்ட் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும். திரும்பி வந்தபோது மச்சான் வால்வ் பாடியைக் கழற்றி, கடைசி ஸ்பிரிங் வரைக்கும் பிரித்து, மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டிருந்தார். கம்பியும் அதற்குள் கிடந்தது.

"என்ன மச்சான் இது?"

"என்னது? வேலை. முதலாளி சனிக்கிழமை கேட்டாரு. கழுவி, கட்டி, புதுக் கிளிப் போட்டு மூடிடு. இனிமே இது சாதாரண வேலை."

"எப்படி இருந்ததுன்னு காட்டுறதுக்கு ஒண்ணுமே இல்லாம பண்ணிட்டீங்களே."

"யாருக்குக் காட்டணும்?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "செத்தவ எழுந்து வரப் போறாளா?"

அக்கா வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் இரண்டு பேர் முகத்தையும் அவள் நாற்பது வருஷமாகவும் பதினைந்து வருஷமாகவும் படித்துக்கொண்டிருப்பவள்.

"அந்தப் பொண்ணு அன்னிக்கு வண்டி எடுக்க வந்தப்போ என் நாற்காலியிலதான் உக்காந்திருந்தா" என்றாள். "ரெண்டு பிள்ளைங்களுக்கும் ஒரே அளவு செருப்பு வாங்கிட்டேன், யாருதை யாரு போடுறதுன்னு தினம் சண்டைன்னு சொல்லிச் சிரிச்சா."

"இப்ப அதையெல்லாம் எதுக்கு இழுக்கற?" என்றார் மச்சான்.

"நான் இழுக்கல. அதுவா வருது." பிறகு என்னைப் பார்த்தாள். "தம்பி, நீ சொல்லணும்னு நெனைச்சா உன்னோட போகாது. கேட்டு மூடினவரும் சேந்துதான் போகணும். பட்டறைக்கு ஷட்டர் போட வேண்டியதுதான். யோசிச்சுக்கோ."

சொல்லு என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. அன்றைக்கு மூன்று பேரும் சாப்பாட்டைத் தட்டில் போட்டு, சாப்பிடாமலே எடுத்து வைத்தோம்.

புதன்கிழமை காலை டிரைவர் வந்தார். நான் வரச் சொல்லவில்லை. வேன் இங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டு அவராகவே வந்தார். சட்டை துவைத்துத் தேய்த்ததுதான், ஆனால் அதற்குள் இருந்த ஆள் பாதியாகியிருந்தார். பட்டறைக்குள் வந்தவர் லிஃப்டின் பக்கம் பார்க்காமல் டயர் அடுக்கின் ஓரமாக நின்றார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க தம்பி."

"நியூட்ரல்ல போட்ட வண்டி நகருமா?"

இன்னொரு காருக்கு அடியில் படுத்திருந்த மச்சான் முந்திக்கொண்டார். "சரிவா இருந்தா நகரும்."

"சரிவு இல்லண்ணே. சமதரை."

"அப்புறம் எப்படி நகரும்? அதுக்கென்ன காலா இருக்கு?"

பழக்கத்தில் வந்த கேலி. வெளியே வந்த பிறகு அதைத் திரும்ப வாயில் போட்டுக்கொள்ள முடியவில்லை. காருக்கு அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றுவிட்டது.

"அதான் எல்லாரும் சொல்றாங்க" என்றார் டிரைவர். "பதினேழு வருஷமா ஓட்டறேண்ணே. நியூட்ரல், ஹேண்ட்பிரேக், அப்புறம்தான் கதவு. அன்னிக்கும் போட்டேன்னுதான் கை சொல்லுது. ஆனா தினமும் போடற கை. முந்தின நாள் போட்டதை அன்னிக்குப் போட்டதா நெனைச்சுக்குதோ என்னமோ. மொதல்ல சத்தியமா போட்டேன்னு சொன்னேன். இப்ப யாராச்சும் கேட்டா வாய் வர மாட்டேங்குது."

நான் மேசையில் கைகளை ஊன்றிக்கொண்டேன்.

"வக்கீலு சொல்றாரு, கவனக்குறைவுன்னு ஒத்துக்கிட்டா தண்டனை கம்மியாம். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடணும். உள்ள போறதப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. பிள்ளைங்க மாமியார் வீட்டுல இருக்கு. பெரியவளுக்கு ஒம்பது வயசு. 'அம்மாவ நீயாப்பா?'ன்னு கேட்டா. தெரியலம்மான்னு சொன்னேன். அதுக்கப்புறம் எங்கிட்ட வரவே மாட்டேங்குறா. ஆமான்னாவது சொல்லியிருக்கணும், இல்லன்னாவது சொல்லியிருக்கணும். தெரியலன்னு சொல்ற அப்பனை வெச்சுக்கிட்டு அவ என்ன பண்ணுவா?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வாங்க" என்று மட்டும் சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. யார் எதைச் சொன்னாலும் செய்கிறவராக ஆகியிருந்தார்.

அவர் போனதும் மேசையைத் துடைத்தேன். துணியால் துடைத்தால் நூல் ஒட்டும். ஒரு நூல் போதும் ஒரு வால்வு சிக்கிக்கொள்ள. ஆகவே காற்றை அடித்து, மேலே வெள்ளைக் காகிதம் விரித்தேன். பாகங்களை மண்ணெண்ணெயிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றாகக் காற்றடித்து உலர்த்தி வரிசையாக வைத்தேன். வால்வுகள் ஒரு வரிசை. அவற்றின் ஸ்பிரிங்குகள் அவற்றுக்கு நேர் கீழே. எஃகுப் பந்துகள் ஏழு, பட்டாணி அளவு. நடுத்தகடு. இடைவெளியில் ஆயில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் இரண்டு. மூன்று நீளத்தில் இருபத்திரண்டு போல்ட்டுகள்.

ஒவ்வொரு வால்வையும் ஆயிலில் தோய்த்து அதன் துளையில் விட்டேன். வார்ப்பைச் சாய்த்தால் அது தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். தள்ளினால்தான் போகிறது என்றால் ஏதோ தூசு. மூன்றாவது வால்வு தயங்கியது. எடுத்துக் கழுவி மறுபடி விட்டேன், இறங்கியது. பந்துகள் ஏழையும் அவற்றின் குழிகளில் வைத்து, கவிழ்க்கும்போது விழாமல் இருக்க ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு வாஸ்லின். கேஸ்கெட், நடுத்தகடு, மறு கேஸ்கெட், மேல் பாதி. போல்ட்டுகளை முதலில் விரலால் மட்டும். பிறகு நடுவிலிருந்து தொடங்கி வெளியே சுற்றிச் சுற்றி, அளவு காட்டும் ஸ்பேனரால். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. ஒரு தப்பு இல்லை. இத்தனை சுத்தமாக வேலை செய்யத் தெரிந்த கைதான் அது என்பதை நினைக்கும்போது எனக்கு அந்தக் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

காகிதத்தின் நடுவில், நான் வைக்காத ஒரு பொருள் இருந்தது. புதுக் கிளிப். நான் ஆயில் எடுக்கப் போயிருந்த நேரத்தில் அக்கா உறையைப் பிரித்து வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

வால்வ் பாடியைத் தூக்கி வேனின் அடியில் மாட்டினேன். ஃபில்டரை அழுத்தி உட்கார வைத்தேன். பிறகு அந்த ஒரு வால்வை விரலால் தள்ளி, டிரைவ் நிலையில் நிறுத்தினேன். கம்பியைக் காகிதத்திலேயே விட்டுவிட்டேன்.

"மச்சான், மூடணும்."

அவர் சட்டியைத் துடைத்துப் புது கேஸ்கெட் ஒட்டி இரு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். லிஃப்டின் அடியில் இரண்டு பேரும் நின்றோம். அவர் மேலே பார்க்காமலே கேட்டார்.

"போல்ட்டு?"

"முறுக்கியாச்சு."

"ஃபில்டர்?"

"உக்காந்தாச்சு."

"கிளிப்?"

"போடலை."

அவர் சட்டியை இறக்கினார். "இன்னொரு தடவை கேக்கறேன் வாத்தியாரே. கிளிப்?"

"போடலை மச்சான். கம்பியும் மாட்டலை. வால்வு டிரைவ்ல நிக்குது. வந்தப்போ எப்படி இருந்ததோ, அப்படியே வெச்சிருக்கேன். நாளைக்குப் பத்து மணிக்கு டிரைவர் வராரு. பதினொண்ணுக்கு அந்த ஆபீசரை வரச் சொல்லியிருக்கேன்."

"போன் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்."

மேசையில் இருந்த கிளிப்பை அவர் பார்த்தார். கம்பியையும் கிளிப்பையும் எடுத்து மாட்டுவதற்கு அவருக்கு அரை நிமிஷம் போதும். என்னைவிட வலுவானவர், நான் தடுத்தாலும் நடந்திருக்காது. ஆனால் அவர் டார்ச்சை எடுத்து மேலே அடித்தார். வெகுநேரம் அடித்துக்கொண்டே இருந்தார். வெறும் துளைகளைத்தான் பார்த்தார்.

"அன்னிக்கு இப்படிப் பாத்திருந்தா..." என்று தொடங்கி நிறுத்தினார். "என் தலையிலயும் பாதி இருக்கு மாப்ள. புடி" என்று சட்டியைத் தூக்கினார். அவர்தான் மூடினார். போல்ட் ஒவ்வொன்றையும் முறுக்கும்போது என்னென்னவோ திட்டினார். யாரை என்று சொல்ல முடியாது.

வியாழக்கிழமை பத்து அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே டிரைவர் வந்துவிட்டார். நான் அவரை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே கேட்டுக்கொண்டார்.

"தம்பி, உங்க வண்டி கியர்பாக்ஸ்ல ஒரு கிளிப் போடணும். நான் போடலை. போட்டாச்சுன்னு சொல்லிட்டேன்."

"அதுக்கும் எனக்கும் என்னண்ணே?"

"ஏறி உக்காருங்க. காட்டறேன்."

புது ஆயில் ஊற்றிய வேன் லிஃப்டில் ஒரு முழ உயரத்தில் நின்றது. கதவின் கைப்பிடியைப் பிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அக்கா அவருடைய முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.

"லீவரை நியூட்ரல்ல போடுங்க. ஹேண்ட்பிரேக் எடுத்து விடுங்க. ஸ்டார்ட் பண்ணுங்க."

எஞ்சின் பிடித்தது. தரையில் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்த பின்சக்கரங்கள் மெதுவாக அசைந்து முன்னோக்கிச் சுழலத் தொடங்கின.

அவர் கண்ணாடியில் சக்கரத்தைப் பார்த்தார். லீவரைப் பார்த்தார். மறுபடி சக்கரத்தை.

"இது நியூட்ரல்தானே?"

"நியூட்ரல்தான்."

"நான் போட்டிருக்கேன்தானே?"

"நீங்க போட்டிருக்கீங்க. அன்னிக்கும் போட்டீங்க. உங்க கை சொன்னது நெசம்."

ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. அழுகைக்கு நடுவில் சிரிப்பு மாதிரி ஒரு சத்தமும் வந்தது. "போட்டேன்... போட்டேன்..." என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். மச்சான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஒரு நிமிஷம், எது வந்தாலும் வரட்டும் என்று எனக்கு இருந்தது. மூச்சு சீராக வந்தது.

அவர் நிமிர்ந்து முகத்தைத் துடைத்தார். கை லீவரின் மேலேயே இருந்தது. அதை ஒரு படி மேலே தள்ளினார். டக். ரிவர்ஸ்.

சக்கரங்கள் முன்னோக்கியே சுழன்றன.

இரண்டு நாளாக எல்லாவற்றையும் வரிசையாக யோசித்தவன் நான். இதை யோசிக்கவில்லை.

"அண்ணே" என்றார். குரல் மாறியிருந்தது. "ரிவர்ஸ் போட்டாலும் முன்னாடிதான் போகுமா?"

"அணைச்சிடுங்க தம்பி. கீழ இறங்குங்க."

"சொல்லுங்க. முன்னாடிதான் போகுமா?"

"ஆமா."

சாவியை அவரே திருப்பினார். சக்கரங்கள் நிற்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல இடிச்சப்போ அவ நின்னுக்கிட்டுதான் இருந்தா. காலு மட்டுந்தான் மாட்டியிருந்துச்சு. பேசினா. 'பின்னாடி எடுங்க, பின்னாடி எடுங்க'ன்னு எங்கிட்டதான் சொன்னா. நான் ஓடிப்போய் ஏறி ரிவர்ஸ் போட்டேன். வரலை. எதுலயோ மாட்டிக்கிச்சுன்னு ஆக்ஸிலேட்டரை மிதிச்சேன்." குனிந்து தன் வலது பாதத்தைப் பார்த்தார். "நல்லா மிதிச்சேண்ணே."

கீழே இறங்கியவர் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துகொண்டார். அவர் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"தம்பி, அன்னிக்கு வண்டியைச் சோதிச்ச ஆபீசர் பதினொண்ணுக்கு வராரு. அவருகிட்ட இதைச் சொல்லணும்னு இல்ல. நியூட்ரல் போதும். அதுவே கேஸை முடிச்சிடும். ரிவர்ஸும் என் தப்புதான். எல்லாமே அந்த ஒரு கிளிப்புதான்."

"உங்க தப்புதாண்ணே" என்றார், கோபமே இல்லாமல். "அதுல சந்தேகமில்ல. ஆனா பெரியவ கேட்டா என்ன சொல்றது? நேத்து தெரியல. இன்னிக்குத் தெரியுதே."

அதிகாரி பதினொன்றுக்கு இரண்டு நிமிஷம் முன்னால் வந்தார். நான் நடந்ததை முதலிலிருந்து சொன்னேன்: என்ன கேட்கப்பட்டது, என்ன பதில் சொன்னேன், விரல் எங்கே இருந்தது. மூடியது யார் என்று கேட்டார். "நான்" என்று மச்சான் முன்னால் வந்தார். வேனில் ஏறி அதிகாரியே ஸ்டார்ட் செய்தார். நியூட்ரலில் சக்கரம் சுழன்றதைக் குனிந்து பார்த்து எழுதிக்கொண்டார். டிரைவில் போட்டார், எழுதினார். அடுத்து அவர் கை மேலே போகும்போது நான் டிரைவரைப் பார்த்தேன். வெளியே போயிருப்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்து சக்கரத்தின் பக்கத்தில் வந்து நின்றிருந்தார்.

"போடுங்க சார்" என்றார்.

அதிகாரி அதையும் பார்த்தார். ரிவர்ஸ் டிரைவருக்கு என்ன என்பது அவருக்குத் தெரியாது. பேனாவைத் திருகிக்கொண்டே நான்கு வரி எழுதி, சத்தமாகப் படித்துக் காட்டினார். நான்காவது வரி: ரிவர்ஸ் நிலையிலும் வாகனத்தின் சக்கரங்கள் முன்னோக்கியே சுழன்றன. கீழே நான் கையெழுத்துப் போட்டேன். மச்சான் போட்டார்.

"சோதனையை நேர்ல பாத்தவங்க யாராவது ஒருத்தர் போடணும்" என்றார் அதிகாரி.

அக்கா பேனாவுக்குக் கை நீட்டினாள். டிரைவர் அதை முந்தி வாங்கிக்கொண்டார். காகிதத்தை லிஃப்டின் தூணில் வைத்து, வரிக்கு வரி விரலை ஓட்டி, சின்னப் பிள்ளைகள் படிப்பதுபோல உதட்டை அசைத்துப் படித்தார். நான்காவது வரியில் விரல் நின்றது.

பிறகு தன் பேரைத் தெளிவாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.